சொல்லிச் செய்த ஐந்து கம்பி பேஸ்: சர்வீஸ் யாரிடம்?

9 நவம்பர் 2021, இரவு 10:40

செய்தவர் ஊரில் இல்லாத பேஸ் கிதாரை யாரிடம் சர்வீஸுக்குக் கொடுக்கிறீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் மட்டும் சொல்லுங்கள்.

என்னுடையது கடையில் வாங்கியது இல்லை. 2017இல் ஒருவரிடம் அளவெல்லாம் சொல்லிச் செய்தது. ஐந்து கம்பி, 35 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), 24 ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோக வரிகள்). உடல் பலா. கழுத்து, மேப்பிள் மரமும் ஈட்டி மரமும் மாறி மாறி ஒட்டிய ஐந்து பட்டை. அந்தக் கழுத்து தலையிலிருந்து உடலின் கடைசி வரை ஒரே துண்டாக ஓடுகிறது. நெக் த்ரூ வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாகக் கேட்டேன். ஃபிங்கர்போர்டும் (விரல் அழுத்தும் முன்பக்கப் பலகை) ஈட்டி, எண்ணெய் மட்டும் தடவியது. செய்தவர் 2019இல் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார், தொழிலையும் விட்டுவிட்டார்.

சனி இரவு சென்னையில் கொட்டிய மழைக்குப் பிறகு, தடித்த பி கம்பி முதல் ஐந்து ஃபிரெட்டில் கிர்ரென்று உரசுகிறது. நேற்று ஓர் இடத்தில் காட்டினேன். கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டுதான் டிரஸ் ராட். அங்கிருந்தவர் அதன் நட்டில் 3 மி.மீ. ஆலன் கீயை விட்டுத் திருகினார். கீ வழுக்கியது, நட்டின் விளிம்பு தேய்ந்துவிட்டது. போதும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும்வரை வயிறு கலங்கிக்கொண்டே இருந்தது. அந்த நட் கெட்டால் கழுத்தே போச்சு, நெக் த்ரூவில் கழுத்து போனால் கிதாரே போச்சு.

சொல்லிச் செய்யப்போகிறவர்களுக்கு ஒன்று. மரம் எது, பிக்கப் எது என்று எல்லோரும் கேட்கிறோம். நானும் கேட்டேன். டிரஸ் ராட் நட்டின் அளவு என்ன என்று கேட்கவில்லை.

10 நவம்பர் 2021, காலை 7:15

கண்டுபிடித்துவிட்டேன். நட் அங்குலக் கணக்கு, 1/8. மில்லிமீட்டரில் 3.175. அதனால்தான் 3 மி.மீ. கீ உள்ளே போகிறது, போய்விட்டுச் சுற்றுகிறது. 1/8 கீயை விட்டுப் பார்த்தேன், இன்னும் பிடிக்கிறது. வெளி விளிம்பு மட்டும்தான் தேய்ந்திருக்கிறது.

14 நவம்பர் 2021, மாலை 5:30

பதில் சொன்னவர்களில் பாதிப் பேர் "ராடை இறுக்குங்கள், சரியாகிவிடும்" என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். என் கிதாருக்கு நேர் எதிரானதுதான் தேவைப்பட்டது.

முதலில் அளந்தேன். புதுப்பேட்டையில் பைக் டேப்பட் பார்க்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) கிடைக்கிறது, அதுவே போதும். முதல் ஃபிரெட்டில் ஒரு கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட வேண்டும். கடைசி ஃபிரெட்டில் வலது கை விரலால் கம்பியை அழுத்த வேண்டும். இப்போது கம்பியே ஒரு நேர்கோல். எட்டாவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். பேஸுக்கு ஏறக்குறைய 0.3 மி.மீ. இருந்தால் நிம்மதி. எனக்கு 0.08. கழுத்து கிட்டத்தட்ட நேராகிவிட்டது. கம்பி அதிரும்போது நடுவில் அகலமாக ஆடுகிறது, அதற்கு இடம் வேண்டும் அல்லவா? கழுத்தில் அந்தச் சின்னக் குழிவு இல்லாவிட்டால் கீழ் ஃபிரெட்டுகளில்தான் முதலில் உரசும். பி கம்பி 30.87 ஹெர்ட்ஸ், ஐந்து கம்பிகளில் அதுதான் அகலமாக ஆடுவது. ஆகவே அது முதலில் சத்தம் போட்டது.

கால் சுற்று தளர்த்தினேன். உடனே 0.22. அப்படியே சுவரில் சாய்த்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் 0.30. மரம் மெதுவாகத்தான் கேட்கும். ஒரே மூச்சில் முழுச் சுற்று சுற்றுகிறவரிடம் கிதாரைக் கொடுக்காதீர்கள்.

உரசல் நின்றுவிட்டது. இன்று சர்ச்சில் மூன்று பாட்டு வாசித்தேன், கீழே பி வரை போய்வந்தேன், சுத்தமாக இருந்தது.

15 நவம்பர் 2021

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். சுவரில் சாய்த்து வைத்தேன் என்று எழுதியதைப் பார்த்து இரண்டு பேர் பதறிவிட்டார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். ஸ்டாண்டில் வையுங்கள்.

27 பிப்ரவரி 2022

கம்பி பற்றிக் கேட்ட கோயம்புத்தூர் நண்பருக்கு.

35 அங்குல ஸ்கேலில் முதல் தலைவலியே கம்பிதான். 34 அங்குலத்துக்குச் செய்த கம்பி பல சமயம் நீளம் போதாது. தடித்த சுற்று முடிந்து மெலியும் இடம் நட்டைத் தாண்டித்தான் வர வேண்டும். (இந்த நட் வேறு, டிரஸ் ராட் நட் வேறு. இது கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டு.) அதற்கு முன்னாலேயே மெலிந்தால் பி கம்பியின் குரலே மாறிவிடும். கூடுதல் நீளம் என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஏன் 35 கேட்டேன்? அதே கம்பி, அதே சுருதி, ஒரு அங்குலம் கூடினால் இழுவிசை சுமார் 6 சதவீதம் கூடும். பி கம்பி தொளதொளவென்று இருக்காது. அது உண்மைதான், கையில் தெரிகிறது.

போன வாரம் பி கம்பியை 0.125 அங்குலத் தடிமனிலிருந்து 0.130க்கு மாற்றினேன். அருமையாக இருக்கிறது. மாற்றலாமா என்று யோசிக்கிறவர்கள் தாராளமாக மாற்றுங்கள்.

பழைய கம்பியைத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் உயிர் வரும் என்பது நிஜம். சுற்றுக்கு நடுவில் சேர்ந்த வியர்வையும் எண்ணெயும் வெளியேறுகிறது, ஒரு வாரம் பளிச்சென்று ஒலிக்கும். கல்லூரிக் காலத்தில் நிறையச் செய்தேன். பத்து நிமிடம் கொதித்த தண்ணீரின் நிறத்தை அம்மா ஒருமுறை பார்த்தார், அந்தப் பாத்திரம் அன்றே எனக்குச் சீதனம். ஆனால் சென்னைக் காற்றில் ஈரம் உள்ளே தங்கினால் துரு வந்துவிடுகிறது. இப்போது வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைக்கிறேன், அவ்வளவுதான்.

22 மே 2022

மறுபடியும் அளந்தேன். 0.55. நவம்பரில் தளர்த்தியதை அப்படியே திரும்ப இறுக்க வேண்டியதாயிற்று. ஆக, மழைக்கு ஒருமுறை, வெயிலுக்கு ஒருமுறை.

24 மே 2022

இரண்டு நாள் யோசித்தேன். மேலே எழுதியது அவசரம்.

வெயில் என்று எழுதினேன், ஆனால் சென்னை மே மாதக் காற்றில் ஈரம் குறைவா என்ன? கடற்காற்று வந்தால் சட்டை முதுகில் ஒட்டுகிறது. என் கிதார் இருப்பது ஏசி அறையில். ஏப்ரலிலிருந்து இரவு முழுக்க ஏசி ஓடுகிறது, அது அறையில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சித் தண்ணீராக வெளியே சொட்டுகிறது. கிதார் அனுபவிப்பது வெயிலை அல்ல, அந்த வறண்ட அறையை. நவம்பரில் ஏசி கிடையாது, ஜன்னல் திறந்திருக்கும். ஃபிங்கர்போர்டுக்கு வார்னிஷ் இல்லாததால் முன்பக்கம் ஈரத்தைக் குடித்து நீள்கிறது, பின்பக்கம் அவ்வளவு நீளவில்லை, கழுத்து பின்னால் சாய்கிறது. வறண்டால் தலைகீழாக நடக்கிறது. என் கழுத்து இப்படி. வார்னிஷ் போட்ட உங்கள் கழுத்து வேறு மாதிரி நடந்துகொள்ளலாம். அளந்துவிட்டுப் பேசுவோம்.

300 ரூபாய்க்கு ஓர் ஈரமானி வாங்கிக் கிதார் பக்கத்தில் மாட்டினேன். ஏசி ஓடும்போது 48 சதவீதம். நிறுத்தி ஜன்னலைத் திறந்தால் ஒரு மணி நேரத்தில் 74. கிதாரை ஹாலுக்கு மாற்றிவிட்டேன்.

3 ஜூலை 2022

பிப்ரவரியில் 0.130 பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அதை நம்பி மாற்றியவர்கள் கொஞ்சம் கவனியுங்கள்.

நான்கு மாதமாக ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வெறும் பி சுருதியில் இருக்கும், 12ஆவது ஃபிரெட்டும் சரியாக இருக்கும், ஆனால் முதல் மூன்று ஃபிரெட்டில் மட்டும் சுருதி கூடும். குறிப்பாக முதல் ஃபிரெட்டின் சி. கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒவ்வொரு வாரமும் திரும்பிப் பார்ப்பார். பிரிட்ஜில் (உடலில் கம்பிகளைப் பிடிக்கும் உலோகத் தளம்) சாடிலை (அதில் கம்பி உட்காரும், நகர்த்தக்கூடிய துண்டு) முன்னே பின்னே நகர்த்தி நகர்த்தி நேரம் போனதுதான் மிச்சம். 12 சரியாக இருந்தால் பிரச்சினை சாடிலில் இல்லை. மறுமுனையில் இருக்கிறது.

நட்டின் பள்ளம் 0.125க்கு வெட்டியது, அதாவது 3.18 மி.மீ. 0.130 என்றால் 3.30. கம்பி பள்ளத்துக்குள் இறங்காமல் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. அதை ஃபிரெட் வரை அழுத்த அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது, இழுத்தால் சுருதி ஏறும். சோதிப்பது சுலபம். மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். எனக்கு 0.6 மி.மீ.!

பழைய 0.125 கம்பியில் ஒரு துண்டு வெட்டி, 600 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, பள்ளத்தில் முன்னும் பின்னும் இழுத்தேன். பத்து இழுப்பு, கம்பியைப் போட்டுப் பார்ப்பது, மறுபடி பத்து இழுப்பு. ஒரு மாலை முழுக்க ஆனது. பள்ளம் தலைப்பக்கமாகச் சற்றே சரிய வேண்டும், கம்பி கடைசியாகத் தொடுவது ஃபிங்கர்போர்டு பக்க விளிம்பாக இருக்க வேண்டும். ஆழம் கூடிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டும், எனவே ஆசைப்பட்டு இன்னும் ஐந்து இழுப்பு இழுக்காதீர்கள்.

இன்று அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

17 ஜூலை 2022

நட் சரியானதும் அடுத்தது தெரிகிறது. 12ஆவது ஃபிரெட்டில் பி கம்பியின் உயரம் 3.2 மி.மீ. எனக்கு 2.2 வேண்டும். சாடில் திருகை இறக்கலாம் என்று போனால் சாடில் ஏற்கெனவே தரையில் உட்கார்ந்திருக்கிறது. இனி இறங்க இடமில்லை.

போல்ட் போட்ட கழுத்தாக இருந்தால் இது அரைமணி நேர வேலை. நான்கு திருகைக் கழற்றி, கழுத்துக் குழியின் அடிப்பக்கம் மெல்லிய மரச்சீவல் ஒன்றை வைத்து, கோணத்தை மாற்றி, மூடிவிடலாம். லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோதே கழுத்தைத் திருகால்தான் பூட்டினார். அவர் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர். கெட்டதைக் கழற்றி மாற்றுகிற கை. அந்த யோசனையின் அருமை எனக்கு ஐந்து வருடம் கழித்து, கழற்ற முடியாத கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது புரிகிறது. நாதம் நீண்டு நிற்கும் என்றுதான் நெக் த்ரூ கேட்டேன். நிற்கிறது. ஆனால் போல்ட் கழுத்துள்ள நண்பனின் பேஸும் ஒரு பாட்டுக்குத் தேவையான அளவு நிற்கத்தான் செய்கிறது.

அதற்காகச் சொல்லிச் செய்வதே வீண் என்று எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. கடையில் இல்லாத ஒன்று கைக்கு வேண்டும் என்றால் வேறு வழி? பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சன் ஆறு கம்பி வேண்டும் என்று நினைத்தார், எந்தக் கடையிலும் இல்லை, கிதார் செய்யும் கார்ல் தாம்ப்சனிடம் சொல்லி 1975இல் செய்து வாங்கினார். இன்று ஆறு கம்பி பேஸ் சாதாரணமாகக் கிடைக்கிறது.

என் வழிகள்: சாடிலை அடியில் ராவுவது, தாழ்வான பிரிட்ஜ் தேடுவது, பிரிட்ஜ் உட்காரும் இடத்தில் மரத்தை 2 மி.மீ. குடைந்து இறக்குவது. மூன்றாவதுதான் சரியான வழி என்று படுகிறது. பிரிட்ஜ் 2 மி.மீ. இறங்கினால் நடுவில், அதாவது 12இல், 1 மி.மீ. இறங்கும். எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் குடைந்தால் குடைந்ததுதான். யார் கையை நம்புவது?

8 அக்டோபர் 2022

தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். சித்தி வீட்டுக்கு வந்தேன், கிதாரையும் கொண்டுவந்தேன்.

போன மாதம் படுக்கையில் கிடந்தபோது திடீரென்று தோன்றியது. என் கிதாரின் உடல் பலா. வீணையும் பலா. பலாவை நாள் முழுக்கக் குடைகிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், நான் ஏன் சென்னையில் ரூட்டர் மெஷின் தேடுகிறேன்?

சித்தப்பாவுக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரின் பட்டறைக்குப் போனோம். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் உளிப்பிடியில் அப்படியே இருந்தன. கிதாரை வாங்கித் திருப்பி, விரலால் தட்டி, "நல்ல பலா. வயசான மரம்" என்றார். செய்தபோது மஞ்சளாக இருந்தது, இப்போது தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது, அதைப் பார்த்தும் தலையாட்டினார். பிறகு கழுத்து உடலுக்குள் போகிற இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒட்டு வீணை இல்லை, ஏகாந்தம் மாதிரி பண்ணியிருக்கான்" என்றார். குடமும் தண்டியும் ஒரே மரத்தில் குடைவது ஏகாந்த வீணை. நெக் த்ரூ என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கழுத்தைத் தொட மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "உள்ளே இரும்பு இருக்குங்கிறீங்க. தெரியாத வேலையை நான் செய்ய மாட்டேன் தம்பி. மரத்தை மட்டும் இறக்கித் தர்றேன்." அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பிரிட்ஜை நான் கழற்றிக் கொடுத்தேன். ஓரத்தைக் கூர்முனையால் கீறி, உள்ளே மெல்லிய உளியால் சீவிச் சீவி எடுத்தார். மெஷின் கிடையாது. நடுவில் ஓடும் மேப்பிள் பட்டை வந்ததும் உளியின் ஒலி மாறியது. நிறுத்தி, உளியைத் தீட்டிக்கொண்டு, கோணம் மாற்றித் தொடர்ந்தார். இரண்டரை மணி நேரம். நாலு மூலையிலும் நான் வெர்னியர் வைத்துப் பார்த்தேன்: 2.0, 2.0, 1.9, 2.0.

காத்திருந்தபோது பக்கத்தில் ஒருவர் வீணைக்கு மேளம் கட்டிக்கொண்டிருந்தார். அதாவது, மெழுகு மேடையில் 24 மெட்டுகளையும் (வீணையின் ஃபிரெட்டுகள்) ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு நிறுத்துகிறார். என் கிதாருக்கும் 24 ஃபிரெட். ஆனால் எனக்கு அவை எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கணக்கு முடிவுசெய்துவிட்டது. 889 மி.மீ. நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட், மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. அறைந்தபின் நகராது. வீணையில் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தலாம், சில வருடங்களுக்கு ஒருமுறை நகர்த்தியே ஆக வேண்டும். சர்வீஸ் என்பது அந்த வாத்தியத்தின் பிறவியிலேயே இருக்கிறது. அதைப் பார்த்தபின் வருடம் இரண்டு முறை ஆலன் கீ எடுப்பதை ஒரு குறையாக நினைக்கத் தோன்றவில்லை.

10 அக்டோபர் 2022

உயரம் 2.2. வாசிக்கச் சுகம். ஆனால் ஆம்ப்பில் போட்டால் ஊம்ம்ம் என்று இரைச்சல். முன்பு இல்லை.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இ கம்பியின் மூன்றாவது ஃபிரெட் ஜி 49 ஹெர்ட்ஸ். ஆகவே இரைச்சல் ஏறக்குறைய ஒரு ஜி, பாட்டு முழுக்க யாரோ கூடவே ஜி பிடிப்பதுபோல இருக்கிறது.

10 அக்டோபர் 2022, இரவு

தவறு என்னுடையது, ஆசாரி மேல் எதுவும் இல்லை. கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைய வேண்டும், குறையவில்லை. அப்படியென்றால் கம்பி எர்த்தோடு சேரவில்லை. பிரிட்ஜுக்கு அடியில் ஒரு மெல்லிய ஒயர் நசுங்கி உட்கார்ந்திருக்கும், அதுதான் கம்பிகளை எர்த்தில் சேர்ப்பது. பிரிட்ஜைத் தூக்கியபோது அதை இழுத்து அறுத்திருக்கிறேன். புது ஒயர், ஒரு சொட்டு ஈயம், முடிந்தது. பிரிட்ஜைக் கழற்றுகிறவர்கள் முதலில் அந்த ஒயரைத் தேடுங்கள்.

இதோடு இன்னொன்று, இது விளையாட்டில்லை. மேடையில் மைக்கில் உதடு பட்டதும் சுரீரென்றால் வாசிப்பதை நிறுத்துங்கள். ஒயரிங்கில் எர்த் இல்லை என்று பொருள். கல்யாண மண்டபம், திருவிழா ஜெனரேட்டர், எங்கும் முதலில் பிளக்கைச் சோதித்துவிட்டே நான் சொருகுகிறேன்.

19 பிப்ரவரி 2023

டொரொன்டோ போகிற நண்பர் ஈட்டி ஃபிங்கர்போர்டு இருந்தால் விமானத்தில் பிரச்சினையா என்று கேட்டிருந்தார். 2017 ஜனவரி 2 முதல் ஈட்டி இன மரங்கள், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலுக்குள் வந்தன, கிதார் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் அனுமதிச் சீட்டுக்கு அலைந்தார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்துவிட்டது. வெறும் பலகையாகக் கொண்டுபோவது வேறு கதை.

6 ஆகஸ்ட் 2023

பேட்டரி. பாட்டு நடுவில் பேஸ் கரகரத்து அடங்கியது என்று எழுதியவருக்கு: உங்களுடையது ஆக்டிவ் (கிதாருக்குள்ளேயே சின்ன ப்ரீஆம்ப் உள்ளது) என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கும். கேபிள் பின்னை ஜாக்கில் சொருகியதும் அதுதான் சுவிட்ச். வாசித்துவிட்டுக் கேபிளை அப்படியே விட்டால் இரவு பகலாகத் தின்றுகொண்டே இருக்கும். கேபிளை உருவுங்கள்.

17 நவம்பர் 2024

"இவ்வளவும் பட்டபிறகு மறுபடி செய்யச் சொல்வீர்களா?" என்று புதியவர் ஒருவர் கேட்டிருக்கிறார். செய்யச் சொல்வேன். போல்ட் கழுத்து, 34 அங்குலம். பலா அப்படியே இருக்கட்டும். 35இன் கம்பித் தேடலுக்கு அந்த 6 சதவீதம் ஈடு என்று பிப்ரவரி 2022இல் நினைத்தேன், இப்போது அப்படி நினைக்கவில்லை.

இன்னொன்றும் கேட்டு வாங்குவேன். ஒரு தாள். ராட் நட் அளவு, நட் பள்ளம் ஒவ்வொன்றின் அகலம், எந்த ஒயர் எங்கே போகிறது, மேலே என்ன எண்ணெய். என் கிதாருக்கு அது இல்லாததால் நானே எழுதி, பின்பக்க மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். 1/8 கீ, 0.130, நட் அகலப்படுத்தியது 2022 ஜூலை, பிரிட்ஜ் குடைந்தது 2022 அக்டோபர், தஞ்சாவூர். எனக்குப் பிறகு இதைத் திறக்கிற கை யாருடையதோ, அவர் 3 மி.மீ. கீயை எடுக்கக் கூடாது.

இன்று அளந்தேன். ஈரமானி 81. எட்டாவது ஃபிரெட்டில் 0.17. உரசல் இல்லை. எதையும் திருகவில்லை.